ஃபயர் லைன் பானை

கொட்டாங்கச்சியைப் பானைக்குள் விட்டேன். அடியில் கரகரவென்று உரசியது. தண்ணீர் இல்லை. பின்னால் சின்னையன் வாயைத் திறந்தபடி கிடந்தார். இதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

கல்வராயன் மலையில் கோடையில் ஃபாரஸ்ட் வாச்சர் வேலை என்றால் தீ காப்பதுதான். தீ தாண்டாமல் இருக்கக் காட்டின் குறுக்கே அகலமாக வெட்டிச் சுத்தம் பண்ணி வைப்போம். அது ஃபயர் லைன். அதை ஒட்டி நிழல் பார்த்து ஒரு மண்பானையைக் கழுத்து வரை புதைத்துப் பலகைக்கல்லால் மூடி வைப்போம். கீழே ஓடை மணலில் ஊற்றுத் தோண்டி, மொண்டு, தலையில் சுமந்து வந்து ரொப்ப வேண்டும். தீ அடித்துவிட்டு வருகிறவனுக்கு அந்தத் தண்ணீர். தாகம் என்றால் யாரும் குடிக்கலாம். காலி பண்ணக் கூடாது. இதை எங்களில் யாருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

இட ஒதுக்கீடு கேட்டு அடிக்கடி ரோட்டை மறித்த வருஷங்கள் அவை. அன்றைக்கும் கீழே மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். ரேஞ்சரைப் பார்க்கச் சென்னையிலிருந்து வந்த அவர் அக்கா குடும்பம் ரெஸ்ட் அவுஸில் மாட்டிக்கொண்டது. அக்கா, அவர் புருஷன், சின்னப் பெண் ஒன்று, டைகர் என்று ஒரு சடை நாய்.

புருஷனுக்குப் பொழுது போகவில்லை. மொட்டைப் பாறையைக் காட்டினார்.

"பாலைவனம் மாதிரி இருக்கே. ஒரு நடை போய்ட்டு வரலாமா?"

"சாயந்தரம் போலாங்க. இப்போ பாறை கொதிக்குது. நாய்க்குக் கால் வெந்துடும்" என்றேன்.

"நாய்க்கும் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கணும்கிறியா?" என்று சிரித்தார்.

ரேஞ்சர் சிரிக்கவில்லை. "யோவ் கோயிந்து, கூட்டிக்கினு போன்னா கூட்டிக்கினு போ. கதை அளக்காத."

போனேன். பாதி வழியில் அவர்கள் கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்தது. சென்னைக்காரர் அதில் முகம் கழுவியிருந்தார். பெண் அழுதது. அங்கே ஃபயர் லைன் ஓரத்தில் இருந்த பானையைத் திறந்து மொண்டு கொடுத்தேன். நாய்க்கும் ஊற்றினேன்.

அப்போதுதான் மேட்டுக்கு அந்தப் பக்கம் புகை தெரிந்தது. அங்கே சின்னையன் தனியாக இருந்தார். அவரும் வாச்சர்தான். எனக்கு மூத்தவர். மலைக்காரர்.

"இந்த நிழல்லயே இருங்க. பாறை மேல போகாதீங்க. தண்ணி தாகத்துக்குக் குடிங்க, ஜாஸ்தி செலவு பண்ணாதீங்க. தீ அடிக்கிறவங்களுக்கு இதான்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

பச்சைத் தழையை ஒடித்து இரண்டு பேரும் அடித்தோம். நான் போவதற்கு முன்பே அவர் நிறைய அடித்திருந்தார். தீ ஃபயர் லைனைத் தாண்டவில்லை. அணைந்ததும் சின்னையன் உட்கார்ந்துவிட்டார். வேர்வை நின்றுபோயிருந்தது. உடம்பு அடுப்புக்கல் மாதிரி சுட்டது. அது கெட்ட அறிகுறி.

"பானைகிட்ட இட்டுக்கினு போடா. எழுந்துக்குவேன்" என்றார். முதுகில் தூக்கி வந்தேன்.

பானை காலி. பக்கத்தில் ஈர மண்ணில் நாய் படுத்திருந்தது. நான் போன பிறகு போட்டோ எடுக்கப் பாறை மேல் போயிருக்கிறார்கள்.

"தண்ணி எங்கங்க?"

"டைகர் கால் கொப்பளிச்சிடுச்சுப்பா. ஊத்தினோம்" என்றார் அக்கா.

"எல்லாத்தையுமா?"

"பானைத் தண்ணிதானேய்யா. அப்புறம் ரொப்பிக்கோ" என்றார் சென்னைக்காரர்.

நாய் காலை நக்கிக்கொண்டு கிடந்தது. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாறைக்குப் போகலாம் என்று அது கேட்கவில்லை. அதைத் தள்ளிவிட்டு, அது படுத்திருந்த ஈர மண்ணை வாரிச் சின்னையன் நெஞ்சிலும் தலையிலும் அப்பினேன். அவ்வளவுதான் கிடைத்தது. ஓடைக்கு இறங்கி ஏற நேரம் இல்லை. பிறகு ரெஸ்ட் அவுஸ் வரை சுமந்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ரேஞ்சர் ஜீப்பில் பின் சீட்டு முழுக்க நாயைப் போட்டிருந்தார்கள். ஊருக்குக் கிளம்ப இதுதான் சமயம் என்று அவர்களும் ஏறிவிட்டார்கள். "அவரைக் கீழ படுக்க வை. நாய்க்குக் கால் முடியல" என்றார் சென்னைக்காரர்.

"நாயை மடியில வெச்சிக்கினு உக்காருய்யா!"

வாசலில் நின்ற ரேஞ்சர் "யோவ்!" என்றார். நான் திரும்பவில்லை. சின்னையனைச் சீட்டில் கிடத்தி, தலையைப் பிடித்துக்கொண்டேன்.

கச்சிராயபாளையத்துக்கு முன்னால் மரம் கிடந்தது. கூட்டம் ஜீப்பைச் சூழ்ந்தது.

"ரேஞ்சர் வண்டியா? வந்த வழியே திருப்பு."

ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "டேய், ஆளு முடியாம கெடக்குறாருடா. மரத்தைத் தள்ளுங்க. இவங்கள்லாம் யாரு?"

சென்னைக்காரர் தலையை நீட்டினார். "பேஷன்ட் கூட வந்தவங்க."

வழி விட்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவர் டிரைவரிடம் மெதுவாகச் சொன்னார். "உளுந்தூர்பேட்டையிலயும் ஆஸ்பத்திரி இருக்கும்ல? இவரை வெச்சிக்கிட்டே போனா ஹைவே வரைக்கும் விட்டுடுவாங்க."

அதற்கு முன்னாலேயே வழியில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி இருந்தது. தண்ணீரைக் கொட்டினார்கள். இப்போது ஆளையே அனுமதிச் சீட்டாகக் காட்டி ரோட்டைத் தாண்டப் பார்க்கிறார்கள்.

டிரைவர் தோளைப் பிடித்தேன். "கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குள்ள வண்டி திரும்பலன்னா குதிச்சிப் போய் அந்தக் கூட்டத்தையே இட்டாருவேன்."

டிரைவர் ஆஸ்பத்திரிக்குள் திருப்பினார்.

சின்னையன் பிழைத்தார். ஆனால் அதற்கப்புறம் வெயிலில் நின்றால் மயங்கி விழுந்தார். அடுத்த கோடைக்கு அவரை வேலைக்கு எடுக்கவில்லை. ரேஞ்சர் வீட்டிலிருந்து யாரும் வந்து பார்க்கவில்லை. எதிர்த்துப் பேசியதற்காக என்னை வேறு பீட்டுக்கு, காட்டின் இன்னொரு காவல் பகுதிக்கு, தூக்கிப் போட்டார்கள். போனேன். அங்கேயும் முதலில் ஒரு பானையைப் புதைத்தேன்.

புதிதாகத் தீ காவலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அன்றைக்கு அந்தப் பெண் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தது தப்பில்லை. இன்றைக்கு ஒரு குழந்தை அழுதாலும் கொடுப்பேன். நாய்க்கும் கொடுப்பேன். ஆனால் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நானே போய்க் கொட்டாங்கச்சியில் மொண்டு வருவேன். பானை இருக்கிற இடத்தைக் காட்ட மாட்டேன்.