கொர்னேலியஸ் தலையில் விழுந்த என் கடன்

ஜம்புலிங்கம் மளிகைக் கடைக்கு நான் ஆறாயிரத்து நானூறு ரூபாய் பாக்கி வைத்திருந்தேன். தங்கச் சுரங்கத்தை மூடிய இரண்டாயிரத்து ஒன்றாம் வருடத்துப் பாக்கி. இதை நானே எழுதுவதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று பெங்களூரில் என்னிடம் இருபத்திரண்டு பேர் பைப் வேலை செய்கிறார்கள். ராபர்ட்சன்பேட்டையில் மாடி வீடு கட்டியிருக்கிறேன். நான் போட்ட பைப் ஒழுகியது என்று ஒருவன் வந்து சொல்லட்டும், இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன். அப்படிப்பட்ட முனிரத்தினத்துக்கு உலகத்தில் இருந்த ஒரே கடன் அது.

ஏன் அடைக்கவில்லை என்றால், முதலில் காசில்லை. சுரங்கம் மூடிய மறுமாதத்திலிருந்து தினமும் விடிகாலை ரயிலேறி பெங்களூர் போய் மண் தோண்டினேன். பிறகு காசு வந்தது, கடைக்குப் போக வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கமும் போய்விட்டது. ஜம்புலிங்கம் ஒரு தடவைகூட ஆள் அனுப்பிக் கேட்கவில்லையே! முனிரத்தினம் எப்படியும் கொடுப்பான் என்ற மரியாதையில்தான் கேட்கவில்லை என்று நானே நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஆனால் ரயிலில் கண் அசந்தால் ஒரு கனவு வரும். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜ் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும். இறங்க இறங்கச் சூடு ஏறும். எழுபதாவது லெவலில் கதவைத் திறந்தால், பாறைக்குள் ஜம்புலிங்கம் கடை. தராசு, வெல்ல மூட்டை, தொங்கும் சணல் பந்து எல்லாம் அப்படியே. நான் ரூபாய் நோட்டை நீட்டுவேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல் மிளகாய் நிறுத்துக்கொண்டே இருப்பார். வண்டி பங்காரப்பேட்டையில் குலுங்கி நிற்கும்போது விழித்துக்கொள்வேன். இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கடைக்குள் நான் போய்வந்தது இப்படித்தான்.

போன மாசி மாதம், ஜம்புலிங்கம் கடையை மூடிவிட்டு மகனோடு பெங்களூர் போகப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். ஒரு மத்தியானம் கவரில் பணத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று வெள்ளைத் தூளைத் தூக்கி வந்து பஜாரின் மேல் விரித்திருந்தது. ஆட்கள் எல்லாரும் தரையில் கால் படாமல் நடப்பதுபோல் தெரிந்தார்கள். நானும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன்.

எண்பத்துநாலு வயது ஜம்புலிங்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மருமகள் ஸ்வப்னா பழைய கணக்குப் புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருப்பா அது வெள்ளச் சட்ட? எலெக்சனா?"

"முனிரத்தினம், மொதலாளி. சாம்பியன் சுரங்கத்துல டிம்பர் வேல செஞ்சனே. பழைய பாக்கி குடுக்க வந்துகீறன்."

"மூடுற கடைக்கிப் பாக்கி குடுக்க வந்த மொத ஆளு நீதான்பா. ஸ்வப்னா, ஓடிப்போயி ஒரு மால வாங்கினு வாம்மா. நம்பரு இன்னா?"

எங்கள் ஊர்க் கடைகளில் பெயர் எழுதமாட்டார்கள். ஒரே லைன் வீட்டு வரிசையில் ஏழு முனுசாமி இருப்பார்கள், எந்த முனுசாமி என்று எழுதுவது? சுரங்கத்தில் கொடுக்கும் பித்தளை டோக்கனின் நம்பர்தான் கணக்கின் தலைப்பு. நான் வேறு ஷாப்ட்டிலிருந்து சாம்பியன் ரீப்ஸுக்கு மாறி வந்தபோது, மார்ச்சளி வந்து வேலையை விட்டு நின்ற கொர்னேலியஸ் என்பவரின் நம்பர் எனக்குக் கிடைத்தது. 4316.

ஸ்வப்னா பக்கத்தைத் தேடி எடுத்தாள். "அங்கிள், இது கிளியர் ஆயிருக்கே. மாசம் நூறு நூறா அறுபத்துநாலு மாசம். லாஸ்ட் எண்ட்ரி டூ தவுசண்ட் சிக்ஸ்."

"நான் கட்டலியேம்மா."

"நீ கட்டிட்டன்னு புஸ்தகம் சொல்லுது," என்றார் ஜம்புலிங்கம். "எம் புஸ்தகத்துல தப்பு காட்டின ஆளு இன்னும் பொறக்கல. பேசாம ஜேப்புல வெச்சிக்கினு வூட்டுக்குப் போ."

உண்மையைச் சொல்கிறேன், போய்விடலாம் என்று ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன்.

"ஓரத்துல ஏதோ எழுதியிருக்கு மாமா," என்றாள் ஸ்வப்னா. "ஜெயசீலி கையால், ஸ்கெலட்டன்."

ஜம்புலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். நடந்ததை யோசித்து யோசித்துச் சொன்னார். செத்துப்போன அவருடைய கணக்குப்பிள்ளையிடம் நம்பர்களும் பெயர்களுமாக ஒரு பழைய பட்டியல் இருந்தது. அதில் 4316 கொர்னேலியஸாகவே இருந்துவிட்டது. சுரங்கம் மூடியதும் அந்த ஆள் பாக்கிச் சீட்டு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறான். என் சீட்டு ஸ்கெலட்டன் குடியிருப்பில் கொர்னேலியஸ் வீட்டுக்கு, அவர் மனைவி ஜெயசீலியிடம் போயிருக்கிறது. கொர்னேலியஸ் அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துபோயிருந்தார்.

"அந்தம்மா ஏன் கட்டிச்சி?" என்று என்னைக் கேட்டார் ஜம்புலிங்கம், அந்தப் பணத்தை நான்தான் வாங்கினவன் போல.

ஸ்கெலட்டனில் ஜெயசீலியின் வீடு ஒரே அறை. புருஷன் போன பிறகு ஊதுபத்தி உருட்டி, ரோனி என்ற ஒரே மகனை ஆளாக்கியவள். எழுபத்திரண்டு வயதிலும் வாசலில் பலகை போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் முனிரத்தினம். கொர்னேலியஸ் அண்ணன் நம்பரு அவருக்கப்புறம் எனக்குத்தான் வந்திச்சி. 4316."

"அந்த நம்பரு இன்னும் சாவலியா?" என்றாள்.

நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். அவள் எழுந்து உள்ளே போய், பைபிளுக்குள்ளிருந்து ஒரு சீட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். கணக்குப்பிள்ளை எழுதிய சீட்டு. தேதி இல்லை. அரிசி, மண்ணெண்ணெய், புளி. அதற்குக் கீழே, பால் பவுடர் டப்பா பதினாலு.

"காசு கட்னது எனக்கு வலிக்கல. செத்தவரு பேருல கடன் நிக்கக் கூடாதுன்னு கட்டினன். இந்தப் பால் டப்பாதான் என்னத் தின்னுச்சி. எங்க ரோனிக்கு அப்ப மீச மொளச்சாச்சி. இந்த மனுசன் எவ கொழந்தைக்கி வாங்கிக் குடுத்தாரு? யாரக் கேக்கறது? கல்லறத் திருநாளுக்குப் போவன். மாமியாருக்கு மெழுகுவத்தி வெப்பன். பக்கத்துல இருக்கற அவருக்கு வெக்காம வந்துருவன். இருவது வருசத்துக்கு மேல."

"அது எம் பொண்ணு மமதா குடிச்ச பாலு, அக்கா. அவ அம்மாவுக்கு டைபாய்டு வந்து பாலு நின்னுபோச்சி."

அவள் என்னைப் பார்க்கவில்லை. லைன் வீடுகளின் கூரைக்கு மேலே வெள்ளை மேடு மேகத்தோடு மேகமாகக் கரைந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தாள்.

"அப்ப யாருமே இல்லியா?"

"யாருமே இல்ல அக்கா."

"அந்தக் கொழந்தைக்கி நான் ஒரு மூஞ்சிகூட வெச்சிருந்தன். கனவுல வரும். வாசல்ல வந்து நிக்கும், உள்ள வராது. சுருட்ட முடி."

"மமதாவுக்கும் சுருட்டதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்புதானா என்று நான் கிட்டே போய்ப் பார்க்கவில்லை.

கவரை எடுத்து நீட்டினேன். ஆறாயிரத்து நானூறுக்கு இரண்டு மடங்கு வைத்திருந்தேன். நான் எதையும் அளந்து கொடுக்கிறவன் இல்லை.

"உன்னாண்டயா குடுத்தன் நானு? காசு வாங்கின மொதலாளி வரட்டும். இதே லைன்ல நின்னு, எம் புருசன் கடன் வெக்கலன்னு சொல்லட்டும். சொல்லிட்டுக் குடுக்கட்டும். நூறு நூறாத்தான் கட்டினன், அப்படியே வரணும். ஐநூறு நோட்டு வேணாம்."

பஜாரில் மூன்று கடை ஏறி நூறு ரூபாய் நோட்டுகளாக மாற்றினேன். ஜெயசீலி கேட்டதைச் சொல்லி, ஜம்புலிங்கம் முன்னால் அறுபத்துநாலு நோட்டை வைத்தேன். மிச்சத்தை அவர் தள்ளிவிட்டார். "நான் மளிகக்காரன், வட்டிக்காரன் இல்ல."

"என் கடன் தீந்துச்சி மொதலாளி. இப்ப நீங்கதான் கடன்காரரு."

"எம்பத்திநாலு வயசுல என்னக் கொண்டுபோயி ஸ்கெலட்டன் தெருவுல நிக்க வெப்பியா?"

"அந்தம்மா அறுவத்துநாலு மாசம் உங்க கடைக்கி நடந்து வந்துகீது."

அவர் கடைக்குள் சுற்றிப் பார்த்தார். அலமாரிகள் காலியாக இருந்தன. "வண்டி கீதா உன்னாண்ட?" என்றார்.

என் காரில் முன்சீட்டில் உட்கார வைத்து அழைத்துப் போனேன். குழாயடியில் சாயங்காலத் தண்ணீருக்குப் பெண்கள் நின்றிருந்தார்கள். ஜெயசீலி வாசலுக்கு வந்தாள். ஜம்புலிங்கம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார்.

"தாத்தா, கொழா சத்தத்துல ஒண்ணும் கேக்கல!" என்றாள் குடத்தோடு நின்ற குணசுந்தரி. "கடன் கேக்கறப்ப மட்டும் தொண்ட நல்லா தொறக்குமே?"

யாரோ குழாயை மூடினார்கள்.

"கொர்னேலியஸ் எங்கடைக்கி ஒரு பைசா பாக்கி வெக்கல," என்றார் ஜம்புலிங்கம் உரக்க. "எம் புஸ்தகத்துல தப்பு. வாங்கினது இந்த முனிரத்தினம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன். வேறு எப்படி நிற்பது என்று எனக்குத் தெரியாது.

ஜெயசீலி கையை முந்தானையில் துடைத்துவிட்டு நீட்டினாள். அவர் ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தார். பணம் எண்ணுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனாலும் நான் கை கொடுக்கவில்லை. நாற்பத்தொன்றோ நாற்பத்திரண்டோ, அவருக்குக் கணக்கு தவறிவிட்டது. திகைத்துப்போய் அவளைப் பார்த்தார்.

"மொதல்லேந்து எண்ணுங்க மொதலாளி," என்றாள் அவள். "எனக்கு அவசரம் இல்ல."

நோட்டுகளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி கையை விரித்தாள். அவர் ஒன்று என்று ஆரம்பித்தார். குழாயடிப் பெண்களும் கூடவே எண்ணினார்கள். அறுபத்துநாலாவது நோட்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது.