பால் குடித்த பின் அரை மணி நேரம்

அந்தக் கைக்குழந்தைகள் காப்பகத்தில் அவளை எல்லாரும் துண்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இடது தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு கிடக்கும். கேட்டில் உட்கார்ந்திருக்கும் காவல்காரர் அவளைப் பார்த்தால் சும்மா விடமாட்டார். "துண்டு போட்டாச்சு, மாலைதான் பாக்கி. எந்தக் கட்சியில நிக்கறீங்க?" என்பார். "கைக்குழந்தைக் கட்சி. ஓட்டுப் போடத்தான் ஒருத்தருக்கும் வயசாகல," என்று சொல்லிவிட்டு அவள் போய்க்கொண்டே இருப்பாள். அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் அங்கே யாரும் இல்லை.

அவளுக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டு. வளர்ந்து, கல்யாணமாகி, ஆளுக்கு ஓர் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தாள். புருஷனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரும் மாடாக உழைத்தவர்தான், சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தது நாத்தனார். வேலை முடிந்து இவள் வீட்டுக்கு வந்து சேரும்போது இரண்டும் தூங்கிப்போயிருக்கும். மூத்தவன் முதல் அடி எடுத்து வைத்ததை நாத்தனார் நடித்துக் காட்டித்தான் இவள் பார்த்தாள். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. இவளும் சேர்ந்து சிரித்தாள்.

காப்பகத்துக்கு அந்தப் பெண் குழந்தை வந்தபோது பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. புட்டிப்பாலைக் கொடுத்துப் படுக்கவைத்தால் குடித்ததில் பாதி கழுத்து மடிப்பில் இருக்கும். அழாது, முகம் சுளிக்காது, சிரித்துக்கொண்டே கக்கும். ஒருநாள் இளவெயில் காட்டக் கேட் பக்கம் தூக்கிக்கொண்டு போனபோது, ஆசையாகக் கை நீட்டி வாங்கிய காவல்காரரின் துவைத்த சட்டையில் மொத்தத்தையும் இறக்கியது. "மூடியைத் திறந்த சோடா மாதிரி இல்ல பொங்குது!" என்றார் அவர். அன்றிலிருந்து குழந்தை சோடா ஆகிவிட்டது.

வாரம் ஒருமுறை வரும் டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எடை போட்டுப் பார்த்தார். "எடை நல்லா ஏறுது. இது நோய் இல்ல. வயித்து வாசல் இன்னும் சரியா மூடப் பழகல, அவ்வளவுதான். ஒரேயடியா குடுக்காம கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. நடுநடுவுல ஏப்பம் விட வைங்க. குடிச்சதும் படுக்க வெக்காம அரை மணி நேரம் நிமிர்த்தித் தோள்ல வெச்சிருங்க. உட்கார ஆரம்பிச்சா தானா நின்னுடும்," என்றார்.

எத்தனை முறை பாலோ அத்தனை அரை மணி நேரம். மற்ற ஆயாக்களுக்கு இது பெரிய தலைவலி. புட்டி கொதிக்க வைக்க வேண்டும், துணி மடிக்க வேண்டும், வரிசையாக எட்டுத் தொட்டிலில் எட்டு வாய் கத்தும். இவள்தான், "குடு, நான் வெச்சுக்கறேன்," என்று வாங்கிக்கொள்வாள். ஜன்னலோரம் நின்று, முதுகை நீவிவிட்டபடி, எதிர் மாடியில் காயும் துணிகளைச் சோடாவுக்குக் காட்டிக் கதை சொல்வாள். ஒரு குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சும்மா நிற்பதற்கு ஒருவர் சம்பளம் கொடுப்பார் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. பெற்ற பிள்ளைகளுக்கு ஒருநாள்கூடக் கொடுக்க முடியாமல் போன அரை மணி நேரத்தையெல்லாம் இதற்கே கொடுத்தாள். பாசம் மட்டும் வைத்துவிடக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் பாடம். புதிதாக வரும் ஆயாக்களுக்கு அதைச் சொல்லித் தருபவளே இவள்தான்.

சோடாவைத் தத்து கேட்டு ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் கண்ணாடிக்கடைக்காரர். மூக்குக்கண்ணாடி விற்கிறவர். மனைவி பள்ளிக்கூட டீச்சர். குழந்தைக்காகக் காத்திருந்து காத்திருந்து இருவருக்கும் காதோரம் நரைத்துவிட்டது. பார்க்க வரும்போதெல்லாம் அந்த அம்மாள் தொட்டில் பக்கத்தில் நின்று, "தூக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தூக்குவாள். ஏதோ கடன் வாங்கிய பாத்திரத்தைத் தொடுகிறவள் மாதிரி. துண்டக்காவுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சலாக வரும்.

காப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தையை ஒப்படைக்கும் நாளில், அதை வளர்த்த ஆயா புது அம்மாவைத் தனியாக உட்காரவைத்து, குழந்தையின் பழக்கவழக்கம் எல்லாவற்றையும் சொல்லி அனுப்ப வேண்டும். காகிதத்தில் எடையும் ஊசியும் இருக்கும். நோய் இல்லாத விஷயத்தை டாக்டர் எழுதமாட்டார். மற்றதெல்லாம் ஆயா வாயால்தான் போய்ச் சேரும்.

துண்டக்கா சொன்னாள். குளிக்கவைக்கும்போது முதலில் காலை நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் அலறும் என்றாள். காது மடலைத் தடவினால் தூங்கிவிடும் என்றாள். பேசிக்கொண்டே புட்டியை எடுத்துக் கொஞ்சம் புகட்டினாள், நிறுத்தினாள், தட்டினாள், மறுபடி புகட்டினாள். முடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தாள். குழந்தை ஒரு சொட்டுக்கூடக் கக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு இதில் பார்ப்பதற்கு ஒன்றும் தெரியவில்லை.

"வேற ஏதாவது நான் தெரிஞ்சுக்கணுமா, அக்கா?"

வாய் வரை வந்தது. கழுத்தில் குழந்தையின் மூச்சு சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது.

"வேற ஒண்ணும் இல்லம்மா," என்றாள் துண்டக்கா.

வஞ்சகம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். வஞ்சகம்தான். ஆனால் அவள் திட்டம் போட்டுச் செய்யவில்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்ட பிறகு கையில் ஒன்றையாவது வைத்துக்கொள்ளத் தோன்றியது, அவ்வளவுதான்.

நாலைந்து நாளில் போன் வந்தது. காப்பகப் பொறுப்பாளர் அம்மா இவளைக் கூப்பிட்டு, "குடிக்கறதெல்லாம் கக்குதாம். இங்க அப்படி இருந்துச்சா?" என்று கேட்டார். அவருக்குத் தலைக்கு மேல் வேலை. எட்டுத் தொட்டிலில் எது கக்கும், எது கக்காது என்று அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

"எப்பவாவது இருக்கும்மா. எல்லாக் குழந்தையும்தானே. இடம் மாறியிருக்குல்ல," என்றாள். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுதாளே தவிர, திரும்பிப் போய் உண்மையைச் சொல்லவில்லை.

வளர்த்துப் பார்க்கும் காலம் என்று ஒன்று உண்டு. அதற்குள் சரிப்பட்டு வராவிட்டால் குழந்தையைத் திருப்பி ஒப்படைக்கலாம். கண்ணாடிக்கடைக்காரரும் மனைவியும் அது முடியும் முன்பே வந்து நின்றார்கள். பால்மாவை மாற்றிப் பார்த்தாயிற்று. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியாயிற்று. குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லி எல்லா இடத்திலும் அனுப்பிவிட்டார்களாம். டீச்சர் பாதியாக இளைத்திருந்தாள். மடியெல்லாம் பால் கறை, தோளில் மட்டும் ஒன்றுமில்லை. எங்கே பிசகுகிறது என்று துண்டக்காவுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

"குழந்தைக்கு ஒண்ணும் இல்லன்னா, அப்ப என்கிட்டதானே ஏதோ இருக்கு?" என்று அந்த அம்மாள் தேம்பினாள். "நான் எது குடுத்தாலும் வெளிய தள்ளிடறா. உங்க கையில நின்னுச்சே, அக்கா. அவளுக்கு என்னைப் பிடிக்கல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியம் போதும். ஆனால் அதற்குள் சோடா இவளைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் நீட்டி எம்பியது. துண்டக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பாய்ந்து வாங்கிக்கொண்டாள். அவர்கள் கேட்டைத் தாண்டிப் போவதைக்கூட அவள் பார்க்கவில்லை. காவல்காரர்தான் பிறகு சொன்னார், அந்த அம்மாள் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள் என்று.

அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். அடுத்த வாரத்துக்கும் ஒரு அடுத்த வாரம் வந்தது. இதற்கிடையில் குழந்தை தானாக உட்கார ஆரம்பித்தது, டாக்டரம்மா சொன்னபடியே கக்குவதும் நின்றுபோனது. தோளில் தூக்கினால் இறங்கப் பார்த்தது. கக்காத, கொழுகொழுவென்ற குழந்தையை யார்தான் விடுவார்கள்? தொலைதூரத்து ஊரிலிருந்து வேறொரு தம்பதி வந்து கேட்டார்கள். இந்த முறை துண்டக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்பவர்களுக்கு அலுத்துப்போகும் அளவுக்குச் சொன்னாள். அவர்கள் கார் கதவைச் சாத்தினார்கள். சோடா ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து அழுத்திச் சிரித்தது, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

அதன் பிறகு அவளுக்குக் கை என்று ஒன்று இருப்பதே பாரமாக இருந்தது. வேறு குழந்தைகளைத் தூக்கினாள், இறக்கினாள், சோறு இறங்கவில்லை. பெறவில்லை, வளர்த்ததும் சில மாதம்தான், அதற்கே இந்தப் பாடு. அப்படியானால் அத்தனை காலம் காத்திருந்து, தன் கையாலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன அந்த டீச்சர்? இந்தக் கேள்வி ஒருநாள் மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது வந்தது, வந்த பிறகு போகவே இல்லை.

விடுமுறை நாளில் தேடிப் பிடித்துக் கடைக்குப் போனாள். கண்ணாடிக்கடைக்காரர் ஏதோ லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தவர், அடையாளம் தெரியாமல், "உட்காருங்க. படிக்கவா, தூரப் பார்வைக்கா?" என்றார். நிமிர்ந்து முகத்தைப் பார்த்ததும் லென்ஸைக் கீழே வைத்தார்.

"அவகிட்ட எதுவும் பேசாதீங்க," என்றார் தணிந்த குரலில். "ஸ்கூல் வேலையை விட்டுட்டா. வீட்ல தனியா விடப் பயமா இருக்குன்னு இங்க கூட்டிட்டு வந்து வெச்சிருக்கேன். வேற குழந்தைக்கு எழுதிக் குடுக்கலாம்னு சொன்னா, என் கையில எந்தக் குழந்தையும் தங்காதுங்கறா."

அதற்குள் டீச்சர் உள்ளேயிருந்து வந்துவிட்டாள். துண்டக்கா நின்றபடியே சொன்னாள். அழுது மழுப்பாமல், டாக்டரம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். பிறகு, "இது எனக்கு அன்னிக்கே தெரியும்மா. தெரிஞ்சேதான் சொல்லல," என்றாள்.

"நீங்கல்லாம் மனுஷிதானா?" என்று கத்தினார் கண்ணாடிக்கடைக்காரர். வாசலில் போன இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மனைவி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இப்ப அவ எங்க இருக்கா?"

"ஒரு நல்ல குடும்பம் கூட்டிட்டுப் போயிட்டாங்கம்மா. ரொம்ப தூரம். எல்லாம் முடிஞ்சு கையெழுத்தும் ஆயிடுச்சு."

அவள் தலையாட்டினாள்.

"அப்ப, என்னைப் பிடிக்காம இல்ல?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"குடிச்சதும் அசைச்சா கக்கிடுவாளோன்னு பயந்து, உடனே படுக்க வெச்சுடுவேன்," என்றாள் மெதுவாக. "அவ கையை நீட்டுவா. தூக்கணும்னு எனக்கு உசிரே போகும். பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நிப்பேன், தூக்கவே மாட்டேன்."

துண்டக்கா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"அரை மணி நேரம் என்னக்கா," என்றாள் அந்த அம்மாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாள் முழுக்க நான் அவளை இறக்கியே இருக்கமாட்டேனே."