வெண்கலக் கியரும் பெரிய பம்பும்

என் கணவருடைய பழைய காரில் ஒயில் விளக்கு எரியத் தொடங்கியதும் அவர் செய்த முதல் திருத்தவேலை, அந்த விளக்கின் மேல் கறுப்பு ஒட்டுநாடா ஒட்டியது. அதன் பிறகு சில வாரங்கள் காருக்கு எந்த நோயும் இருக்கவில்லை.

பிறகு எஞ்சின் கடகடத்தது. ஒட்டுநாடாவுக்கு அடங்காத சத்தம். கராஜில் மெக்கானிக் கழற்றிப் பார்த்தார். ஒயில் பம்ப் தேய்ந்திருந்தது. அந்தப் பம்பையும், பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டரையும் ஒரே சின்ன இரும்புக் கியர்தான் சுழற்றுகிறது. அதன் பற்களும் போய்விட்டன.

வேறொருவர் என்றால் கடைக்குப் போய் அதே மாதிரிச் சாமான் வாங்கியிருப்பார். என் கணவர் கனடாவிலிருக்கும் தன் தங்கையின் கணவரை வீடியோவில் அழைத்தார். அந்த மச்சான் ஓட்டுவது மின்சாரக் கார். ஆகவே பழைய எஞ்சின்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை.

"பெரிய பம்பாப் போடுங்கோ மச்சான். கியரை வெண்கலத்தில எடுங்கோ. இஞ்ச ரேஸ் காருக்கெல்லாம் அதுதான்."

எங்கள் கார் கடைசியாக முந்தியது ஓர் உழவு இயந்திரத்தை. அதன் சாரதி தேத்தண்ணி குடிக்க இறங்கியிருந்தார்.

"இவ்வளவு காலம் ஓடின இரும்பு என்ன குற்றம் செய்தது?" என்று கேட்டேன்.

"உமக்கு இது விளங்காது."

மெக்கானிக்கைப் பார்த்தேன். "ஓம், ஐயா சொல்ற மாதிரியும் போடலாம்," என்றார். ஐயா பலாக்கொட்டையைச் சொல்லியிருந்தாலும் போட்டிருப்பார்.

அடுத்த மாதம் குறிஞ்சாக்கேணியில் கணவரின் நண்பருடைய மகளுக்குக் கல்யாணம். புதுப் பம்போடும் வெண்கலக் கியரோடும் கார் அருமையாக ஓடியது, கிண்ணியாப் பாலத்தின் நடுவரைக்கும். அங்கே இருமி நின்றுவிட்டது. கணவர் மச்சானை அழைத்தார். கனடாவில் அப்போது நடுச்சாமம், நிபுணர் நித்திரை. பட்டுச்சேலையோடு நான் பின்னால் நின்று தள்ளினேன். காற்றுத்தான் எதிரில் நின்று தள்ளியது.

கடைசியில் கல்யாண வீட்டு லொறி வந்து கயிறு கட்டி இழுத்துப் போனது. வாசலில் நின்றவர்கள் மாப்பிள்ளை வருகிறார் என்று பரபரத்தார்கள். இறங்கியது நாங்கள்.

"வந்து சேந்தீங்களே, அது போதும். முதல்ல சாப்பிடுங்க," என்றார் நண்பர்.

பெண்கள் பக்கத்தில் நான் சாப்பிட உட்கார்ந்தபோது, திரைக்கு அப்பால், ஆண்கள் பக்கத்தில், கணவரின் குரல் கேட்டது: "பம்பின்ர பலத்தை எஞ்சின் தாங்கேல்லை."

கராஜில் மெக்கானிக் ஒயிலை இறக்கினார். அதில் பொன்தூள் மின்னியது. பெரிய பம்பைச் சுழற்றிய பாரத்தில் மிருதுவான வெண்கலப் பற்கள் அரைபட்டு மாவாகிவிட்டன. டிஸ்ரிபியூட்டர் சுழலாமல் எஞ்சின் நின்றிருக்கிறது. தங்க ஒயிலில் கார் ஓட்டிய பெருமை திருகோணமலையில் எங்களுக்கு மட்டும்தான்.

இந்த முறை கடைக்கு நான் போனேன். தேய்ந்த பழைய கியரையும் பழைய பம்பையும் மேசையில் வைத்தேன்.

"இதே உயரம், இதே துளை, இதே இரும்பு. வேற ஒண்டும் வேண்டாம்."

"பெரிய பம்ப் ஒண்டு இருக்கு அக்கா, நல்ல சாமான்."

"தெரியும். அதைத் திருப்பித் தரத்தான் வந்தனான்."

கார் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. போன வெள்ளிக்கிழமை சல்லி அம்மன் கோயிலுக்குப் போனோம். அங்கே சந்தித்த ஒருவர் தன் பழைய வான் வண்டியைப் பற்றிக் கவலைப்பட்டார். என் கணவர் அவருடைய தோளில் கை போட்டார்.

"முதல் இருந்த மாதிரிச் சாமானைத்தான் போடவேணும். ஆக்களின்ர கதையைக் கேக்கப்படாது. நான் நல்லா ஆராய்ஞ்சு பாத்தனான்."

நான் அம்மனைக் கும்பிடப் போய்விட்டேன்.