இலஞ்சி அடுப்பில் பஞ்சாப் ரொட்டி

முப்பிடாதியம்மாளுக்குச் சாப்பாடு என்றால் சோறு. மற்றதெல்லாம் பலகாரம். பத்து இட்லி தின்று ஏப்பம் விட்டவரிடமும், "இன்னும் சாப்பிடலையா?" என்று கேட்பாள். கடைசி வரை அந்தக் கணக்கை அவள் மாற்றவில்லை.

காரணம் உண்டு. அவள் பிறந்தது ராயகிரிப் பக்கம், வானம் பார்த்த பூமி. அன்றாடம் கம்பும் சோளமும்தான். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் கோயில் கொடை விழாவுக்கும். 1955இல் இலஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். சாதாரண நாளொன்றில் இலையில் சோறு விழுந்ததைப் பார்த்து, "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று மாமியாரிடம் கேட்டாளாம். அன்றே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். தன் வீட்டுக்கு வந்தவர் எவரும் வயிறு நிறையாமல் படியிறங்கக் கூடாது.

ஒன்பது வருஷம் அந்தப் பேர் கெடவில்லை. 1964 ஆடியில் ஆபத்து வந்தது. அவள் புருஷன் இசக்கிப்பாண்டி பட்டாளத்தில் லாரி மெக்கானிக். லீவில் வந்தவர், கூடவே ஒருவரை அழைத்து வந்தார். ஆறடி உயரம், நீலத் தலைப்பாகை, நெஞ்சு வரை தாடி.

"பேரு குர்தயாள் சிங். பஞ்சாப்காரன். என் கூடத்தான் வேல பாக்கான். குத்தாலம் அருவியில குளிக்கணும்ங்கான்."

"அதுக்கென்ன, வரட்டும். சோறு பொங்குதேன்."

"ஏட்டி, அவன் சோறு திங்க மாட்டான். அவுங்க ஊர்ல காய்ச்சல்காரனுக்குத்தான் சோறு. இவனுக்குக் கோதுமை ரொட்டி வேணும்."

முப்பிடாதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இலஞ்சியில் காய்ச்சல்காரனுக்குத்தான் கோதுமைக் கஞ்சி.

"சோறு திங்காதவரு எப்படிங்க நம்ம நாட்டுக்காரரு?"

"அவன் ஆத்தா ஒன்னப் பாத்தா இதையேதான் கேப்பா."

கோதுமைக்குக் குறைவில்லை. அந்த வருஷம் அரிசித் தட்டுப்பாடு. ரேஷன் கடையில் அரிசியைக் குறைத்துக் கோதுமையைத் தலையில் கட்டினார்கள். முப்பிடாதி வீட்டில் அதைக் கோழிதான் தின்றுகொண்டிருந்தது.

"ரொட்டி எப்படிச் சுடணும்?"

"மாவப் பெசஞ்சு, உருட்டி, தட்டி, கல்லுல போடு. அம்புட்டுதான்."

இசக்கிப்பாண்டி பட்டாளத்தில் பார்த்தது மூட்டையில் வரும் மாவை. மூட்டைக்குள் வருவதற்கு முன் அது என்னவாக இருந்தது என்று அவர் யோசித்ததில்லை. செய்முறையில் ஒரு படி விடுபட்டது. அதை முப்பிடாதி தனக்குத் தெரிந்ததைக் கொண்டு நிரப்பினாள். மாவு மில்லுக்கு அனுப்ப மனமில்லை. மிளகாய் வற்றல் அரைத்த காரம் ஒட்டிக்கொள்ளும். கோதுமையை ராத்திரியே ஊறப்போட்டாள். ஆண்கள் இருவரும் அருவிக்குக் கிளம்பியதும் ஆட்டுரலில் போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து, இட்லிக்கு ஆட்டுவதுபோல வழுவழுவென்று ஆட்டினாள்.

உருட்டப் போனால் உருளவில்லை. தட்டப் போனால் விரலை விடவில்லை. கல்லில் ஊற்றிப் பார்த்தாள். தோசைத் திருப்பிதான் வளைந்தது.

அடுத்த வீட்டு ஹைருன் பீவி எட்டிப் பார்த்தாள். "என்னட்டி இது, எலெக்‌ஷன் நோட்டீஸ் ஒட்டப் போறியா?"

"ரொட்டி சுடுதேன் அக்கா."

"ரொட்டியா! இது அல்வாவுக்கு எடுக்குத கோதுமைப் பாலுல்லா. சக்கையப் பிழிஞ்சு போட்டுட்டு கிண்டு. எங்கிட்ட கருப்பட்டி கெடக்கு, எடுத்தாரேன்."

"அல்வா பலகாரம்லாக்கா. வந்த மனுசருக்குச் சாப்பாட்டுக்கு என்ன வைப்பேன்?"

வேறு வழியில்லை. ஒரு அடுப்பில் சோறும், தேங்காய்ப்பால் ஊற்றிய சொதியும். மற்ற அடுப்பில் ஹைருன் பீவி பாலைக் கிண்ட உட்கார்ந்தாள்.

சாரலில் நனைந்துகொண்டே இருவரும் திரும்பினார்கள். அருவியில் குளித்தவன் பசி சாமானியப் பசி இல்லை. இலையையும் சேர்த்துத் தின்னச் சொல்லும். சிங் இலை முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சோறு விரலிடுக்கில் நழுவியது. சொதி இலையின் ஓரத்துக்கு ஓடியது. இரண்டு கையாலும் மறித்தார். நாலைந்து கவளத்தோடு, போதும் என்று வயிற்றில் கை வைத்தார்.

அந்தக் கையை முப்பிடாதிக்குத் தெரியும். பசித்தவன் பொய் சொல்லும்போது வைக்கிற கை.

அவளால் பொறுக்க முடியவில்லை. மிச்சக் கோதுமையை முறத்தில் அள்ளி வந்து அவர் முன் வைத்தாள். ஊறப்போட்டதையும் ஆட்டியதையும் விரல் ஒட்டியதையும் கையாலேயே நடித்துக் காட்டினாள். சிங் முதலில் விழித்தார். பிறகு சிரித்த சிரிப்பில் கோழி கூரைக்குப் பறந்தது. சிரிப்பு அடங்கும்போது அவர் பார்வை வீட்டு மூலையில் போய் நின்றது. அங்கே உளுந்து உடைக்கிற திருகை. ஏதோ சொல்லிக்கொண்டே துள்ளி எழுந்தார்.

"அவுங்க வீட்லயும் இந்தக் கல்லு இருக்காம். அவன் ஆத்தா இதுலதான் தெனமும் கோதுமை திரிப்பாளாம்" என்றார் இசக்கிப்பாண்டி.

"நனைக்காமலா?"

"நனைக்காமத்தான்."

"இத நேத்தே சொல்லுததுக்கு என்ன?"

"எனக்கு மூட்டையத்தாம்ட்டி தெரியும்!"

சிங் திருகை முன் உட்கார்ந்து சுற்றினார். முப்பிடாதி குழியில் கோதுமையைப் போட்டுக்கொண்டே இருந்தாள். மாவு உதிர்ந்தது. சலித்து, பிசைந்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தட்டித் தட்டி வட்டமாக்கினார். தோசைக்கல்லில் இரண்டு புரட்டு, பிறகு தணலில். ரொட்டி பந்தாக உப்பியது.

"ஆம்பள சமைக்கான், நாம பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள் ஹைருன் பீவி, துடுப்பை விடாமல். "தெருவுல எல்லாத்தையும் கூப்பிடுட்டி, பாக்கட்டும்!"

முதல் ரொட்டியைச் சிங் முப்பிடாதியிடம் நீட்டினார். கிள்ளிச் சொதியில் தோய்த்து வாயில் போட்டாள். மென்றாள். கண்ணை மூடினாள்.

"எங்க ராயகிரி கம்பு அடை மாரில்லா இருக்கு!"

சிங்கும் சொதியில் தோய்த்துத் தின்றார். எத்தனை ரொட்டி என்று யாரும் எண்ணவில்லை, எண்ணினால் கண்பட்டுவிடும். அதற்குள் அல்வா சட்டியை விட்டு நெய் கக்கிச் சுருண்டு வந்தது. ஒரு விள்ளல் வாயில் வைத்ததும் அவர், "ஹல்வா!" என்று கத்தினார்.

"நாம யாரும் பேரச் சொல்லலையே" என்று முப்பிடாதி புருஷனைப் பார்த்தாள். "அப்ப நம்ம நாட்டுக்காரருதான். வயிறு நெறஞ்சுதான்னு கேளுங்க."

சிங் மறுபடியும் வயிற்றில் கை வைத்தார். இந்தத் தடவை பெல்ட்டைத் தளர்த்திவிட்டு. அது பொய்யில்லை.

முப்பிடாதியின் முகம் மலர்ந்தது. எழுந்து போய்ப் புது இலை போட்டாள். தண்ணீர் தெளித்தாள். சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"பலகாரம் ஆச்சு. இனிச் சாப்பிடலாம்லா?"

இசக்கிப்பாண்டி தலையிலடித்துக்கொண்டு அதை இந்தியில் சொன்னார். சிங் பானையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு இலை முன் உட்கார்ந்தார்.

"என்னங்க சொல்லுதாரு?"

"காய்ச்சல் வந்தா வரட்டும், மதினி கையால போடச் சொல்லுங்கான்."