பயிற்சிக்கு வந்த பதினான்கு பேர்

இன்று தாம்பரத்தில், எங்கள் ஆபீஸ் ஏற்பாடு செய்த டேட்டாபேஸ் பயிற்சி. ஏதாவது கற்பனைக் கடையின் விற்பனைக் கணக்கைத் தருவார்கள் என்று நினைத்தால், ட்ரெயினர் திறந்தது எங்கள் ஆபீஸ் ஊழியர் பட்டியலின் நகல்!

"பேரெல்லாம் எடுத்தாச்சு, கவலைப்படாதீங்க" என்றார்.

பெயரை மட்டும்தான் எடுத்திருந்தார்கள். ஊரும் வேலையில் சேர்ந்த தேதியும் அப்படியே இருந்தன.

பட்டியலின் ஓரத்தில் 'அடுத்த வருஷம்' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே 'இல்லை' என்று இருப்பவர்களை மட்டும் பிரித்து சார்ட் போட வேண்டும். பிரித்தேன். பதினான்கு பேர் வந்தார்கள்.

பக்கத்து சீட் ஸ்டெல்லா அக்கா என் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார். "ஏய், மூணாவது ஆள் ஊரு பம்மல், என் ஊரு. நான் சேர்ந்த தேதிடி அது."

ஏழாவது ஆள் என் ஊரான கீழ்க்கட்டளை. தேதியும் நான் சேர்ந்த தேதி.

தலையைத் தூக்கி அறையில் இருப்பவர்களை எண்ணினேன். ட்ரெயினரைச் சேர்க்காமல் பதினான்கு பேர்.

"சார், இந்த 'அடுத்த வருஷம்'னா என்ன?"

அவர் குனிந்து என் ஸ்கிரீனைப் பார்த்தார். "அது... டம்மி டேட்டா மேடம். விட்டுடுங்க."

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அந்த ஃபைலே இல்லை. வேறு ஃபைல் இருந்தது. கற்பனைக் கடை, சோப்பு விற்பனை.

என் சார்ட் ரொம்பத் தெளிவாக இருந்ததாம். ட்ரெயினர் பாராட்டினார்.

உங்கள் ஆபீசிலும் திடீரென்று இலவசப் பயிற்சி தருகிறார்களா? யார் யாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கொஞ்சம் எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.