மடிக் குழந்தைக்கு ஏது டிக்கெட்

நஞ்சுண்டன் அண்ணாவுக்கு ஐம்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அப்பார்ட்மென்ட்டில் யாரை ஏர்போர்ட்டில் விட வேண்டுமானாலும், யார் வீட்டு சோபாவைத் தூக்க வேண்டுமானாலும் அவர்தான். தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. வேலை போய், விசாவும் முடிந்து, செவ்வாய்க்கிழமை ஒரேயடியாகப் பொள்ளாச்சிக்குக் கிளம்ப இருந்தபோதுதான் கேட்டார்.

“கழிமுகத்துல சீல், அதான் கடல்நாய், எல்லாம் வந்து படுத்திருக்குமாமா. போட்ல கூட்டிட்டுப் போய்க் காட்டறாங்க. ஊருக்குப் போறதுக்குள்ள ஒருக்கா பாத்துரோணும் கலாவதி. எல்லாரும் வாங்க.”

எத்தனை பேர் என்று புக் பண்ணும்போது கேட்டார். நாங்கள் இருவர், மகன் கவின், பக்கத்து வீட்டு மாதவ், தீக்ஷா, அப்புறம் அவர். “ஆறு” என்றேன்.

“பாப்பா?”

“அவளுக்கு எதுக்குங்ணா டிக்கெட்டு? மடியில வெச்சுக்கறேன்.” என்னவோ காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறப்போகிற மாதிரி!

படகுத்துறையில் போட்காரர் எண்ணினார். ஆறு பேருக்குத்தான் அனுமதி, கைக்குழந்தையும் ஒரு ஆள்தான் என்றார்.

தப்பு என்னுடையது. நான்தான் பிள்ளையோடு கரையில் நின்றிருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் ஜெயபிரகாஷ் முந்திக்கொண்டார்.

“பாப்பாவுக்கு இந்தக் குளிர் ஆகாது. அண்ணா, உங்ககிட்டன்னா அவ அழவே மாட்டா. கார்ல ஹீட்டர் போட்டு உக்காந்துக்குங்க. ஒன்றரை மணி நேரந்தான்.”

“ஸோ ஸ்வீட் அண்ணா!” என்றாள் தீக்ஷா, அவர் சரியென்று சொல்வதற்கு முன்பே.

அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து கவினின் லைஃப் ஜாக்கெட்டைச் சரிசெய்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் சீல் பார்க்க ஆசையாக இருந்தது. வெட்கங்கெட்ட ஜென்மம் நான்.

அவர் பாப்பாவை வாங்கித் தன் ஜாக்கெட்டுக்குள் பொத்திக்கொண்டார். இதற்கென்றே வாங்கிய பைனாகுலரைக் கழற்றிக் கவினிடம் கொடுத்தார்.

போட்டில் ஐந்தே பேர். ஆறாவது சீட்டில் தீக்ஷாவின் முறுக்குப் பை உட்கார்ந்து வந்தது. மணல்திட்டில் நாற்பது சீலாவது கொழுகொழுவென்று வெயில் காய்ந்தன. கவின் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, “கேன் வீ கோ நவ்?” என்றான்.

திரும்பி வந்தபோது பாப்பா அவர் மார்பில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“எத்தனை இருந்துச்சு?” என்று மெதுவாகக் கேட்டார்.

“சான்ஸே இல்லீங்ணா!” என்றார் ஜெயபிரகாஷ். “நெக்ஸ்ட் டைம் நீங்க மிஸ் பண்ணவே கூடாது.”

“ஆகட்டும்” என்றார் அண்ணா.

செவ்வாய்க்கிழமை எங்கள் எல்லோருக்கும் மீட்டிங் இருந்தது. அவர் ஊபர் பிடித்து ஏர்போர்ட்டுக்குப் போனார்.