தயவுசெய்து திருத்தவும்

விளையாட்டைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், கால்பந்துக்காக நான் டைப் அடித்துத் தள்ளிய கடிதங்களைப் பற்றிக் கேட்டு யாராவது என்னைப் பெரிய ரசிகன் என்று நினைத்துக்கொள்ளப் போகிறார்கள்.

எண்பதுகளின் நடுவில் கல்கத்தாவில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஸ்டெனோவாக இருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போனவன். டாலிகஞ்சில் ஒரு காலனி வீட்டின் மொட்டை மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். சாப்பாடு லேக் மார்க்கெட்டில், ஒரு தஞ்சாவூர்க்காரர் நடத்திய மெஸ்ஸில். மற்ற நாளெல்லாம் எப்படியோ ஓடிவிடும், ஞாயிற்றுக்கிழமைதான் ஆளைக் கொல்லும். மெஸ்ஸில் ‘போதும்’ என்று சொல்வதைத் தவிர அன்று முழுக்க வாயைத் திறக்க வேலை இருக்காது. சில ஞாயிறுகளில் என் குரல் இருக்கிறதா என்று பார்க்கச் செய்தித்தாளை உரக்கப் படித்திருக்கிறேன். வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை.

கீழ்வீட்டில் வீட்டுக்காரர் குடும்பம். அவர் சினிமா ஸ்டூடியோவில் விளக்குப் போடுகிறவர். அந்த ஊர் வழக்கப்படி அவர் எனக்குத் தாதா, அதாவது அண்ணன். அவர் மனைவி பௌதி, அண்ணி. அவர்கள் வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளை டி.வி. இருந்தது. அதன் ஆன்டெனா என் அறை வாசலில் நின்றது. காக்கை உட்கார்ந்தால் போதும், கீழே படம் நடுங்கும். உடனே தாதா முற்றத்தில் நின்று மேலே பார்த்துக் குரல் கொடுப்பார். நான் ஆன்டெனாவைத் திருப்புவேன். ‘ஆர் ஏக்டு’ என்பார். இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். நான் கற்றுக்கொண்ட முதல் வங்காளி வார்த்தை அதுதான். இப்படி இரண்டு மாதம் ஊருக்கெல்லாம் படம் காட்டிவிட்டு நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருநாள் பௌதிக்கே பொறுக்கவில்லை, கீழே வந்து உட்காரச் சொன்னார்.

அப்போது ஞாயிறு காலையில் அரை மணி நேரம் ஒரு தொடர் வந்தது. வாரம் ஒரு விளையாட்டு வீரர், அல்லது ஒரு பழைய ஆட்டம் பற்றிய விவரணப் படம். ஆங்கிலத்தில் பேசுவார்கள். கடைசி ஐந்து நிமிடம் நேயர் கடிதம் படிப்பார்கள். அதைப் பார்க்க எங்கள் சந்து முழுவதும் தாதா வீட்டு முன்னறையில் பாயில் நெருக்கியடித்து உட்காரும். மல்யுத்தக்காரர் வந்த வாரம் தாதா எழுந்து நின்றே பார்த்தார். வெறுங்காலோடு ஓடிய ஒரு பெண்ணைக் காட்டிய வாரம் பௌதி அழுதுவிட்டார். ஓடி முடித்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க அங்கே ஒருத்தருமா இல்லை என்பது அவர் கவலை. அந்த ஓட்டத்தில் அவள் ஜெயித்தாளா தோற்றாளா என்று அவர் கேட்கவே இல்லை.

கால்பந்து வந்தால்தான் ரகளை. தாதா குடும்பம் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தது, அவர்கள் இலிஷ் மீன் கட்சி. நடு மாடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் இந்தப் பக்கத்து வங்காளி, இறால் கட்சி. இரண்டு கட்சிக்கும் ஊரில் ஆளுக்கொரு அணி, எந்த அணி ஜெயிக்கிறதோ அந்தக் கட்சி மீன் அன்று வீட்டில் வேகும். நான் எந்த மீன் என்று முதல் நாளே கேட்டார்கள். மீனே சாப்பிடமாட்டேன் என்றேன். அப்படியானால் நீதான் ரெஃப்ரி என்றார் தாதா. அன்றிலிருந்து சந்து முழுக்க எனக்கு அதுதான் பெயர். என் தயிர்சாதத்தைக் கேலி செய்தார்கள், என் வங்காளியைக் கேலி செய்தார்கள், இடுப்பில் வேட்டி நிற்கிற விதத்தைக்கூட விடவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனாலும் அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பேன். அந்த அரை மணி நேரம் இல்லையென்றால் எனக்கு அந்த ஊரில் ஒன்றுமே இல்லை.

கடிதம் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது இயல்புதான். தமிழன் என்றால் ஸ்டெனோ, ஸ்டெனோ என்றால் நல்ல ஆங்கிலம் என்பது கல்கத்தாவில் எழுதப்படாத சட்டம். பழைய இறுதி ஆட்டம் ஒன்றைக் காட்டிய வாரம், கோல் போட்டவர் பெயரைப் படத்தில் மாற்றிச் சொல்லிவிட்டார்கள் என்று அறையே கொதித்தது. இலிஷும் இறாலும் ஒன்றுசேர்ந்த அதிசயம் அன்றுதான் நடந்தது. ஐந்து பேர் ஒரே நேரத்தில் வங்காளியில் கத்த, வாத்தியார் ஆங்கிலத்தில் சொல்ல, நான் சுருக்கெழுத்தில் எடுத்தேன். மறுநாள் மதிய இடைவேளையில் அலுவலக மிஷினில் அடித்தேன். முடிவில் என் அலுவலகப் பழக்கப்படி, ‘இது தவறான தகவல், தயவுசெய்து திருத்தவும்’ என்று போட்டேன். அந்த வரியைத் தாதா நாலு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். போலீஸ்காரன் பேசுகிற மாதிரி கம்பீரமாக இருக்கிறது என்றார்.

மூன்று கடிதம் போட்டோம், டி.வி.யில் ஒன்றையும் படிக்கவில்லை. நாலாவது கடிதத்தில்தான் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். சந்துக்காரர்கள் சொன்னதெல்லாம் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. பாதித் தாள் வெறுமையாக நின்றால் டைப் அடிக்கிறவனுக்குக் கை ஊறும். அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். யாரும் சொல்லாமல், சுருக்கெழுத்து இல்லாமல், நானாக அடித்தேன். இதை எழுதுகிற நான் இந்த ஊர்க்காரன் இல்லை, இங்கே எனக்கென்று யாரும் இல்லை, உங்கள் நிகழ்ச்சி வருகிற அரை மணி நேரம்தான் நான் நாலு பேரோடு உட்காருகிற நேரம், தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். இவ்வளவுதான். வழக்கமாகத் தபாலில் போடும் முன் எல்லோருக்கும் படித்துக் காட்டுவேன். இந்தத் தடவை பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு டாலிகஞ்ச் என்று பெட்டியில் கேட்டதும் அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. என் பெயரையும் சொன்னார்கள். கோல் போட்டவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படித்ததெல்லாம் என் பாதியை. வாத்தியார் பழக்க தோஷத்தில் ஒவ்வொரு வரியாக வங்காளியில் சொல்லிக்கொண்டே வந்தார். ‘எனக்கென்று யாரும் இல்லை’ என்ற இடத்தில் அவர் குரல் இறங்கியது. ஆனால் நிறுத்தவில்லை, வாத்தியார் அல்லவா, முழுக்கச் சொல்லி முடித்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பௌதி பொரியும் கடலையும் கலந்த தட்டோடு என் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

“அப்போ நாங்க யாரு?” என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார். தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார்.

மெஸ்ஸிலும் தப்ப முடியவில்லை. அந்தத் தஞ்சாவூர்க்காரர் வாளியும் கரண்டியுமாக என் இலைக்கு முன்னால் வந்து நின்றார். “என்னய்யா, உமக்கு யாருமே இல்லையாமே? மூணு வருஷமா சாம்பார் ஊத்திண்டிருக்கேன், நான் யாரு?” என்றார். பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். அவர் கேலிதான் செய்தார், அது வலிக்கவில்லை. வலித்தது அடுத்த ஞாயிறு.

அன்று நான் போனபோது பாய்க்குப் பக்கத்தில் எனக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். தனித் தட்டில் இனிப்பு. நீ என்று கூப்பிட்டவர்கள் நீங்கள் என்றார்கள். ரெஃப்ரி போய்விட்டான், மரியாதைக்குரிய பாபு வந்துவிட்டார். என் வேட்டியைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நடுவில் படம் நடுங்கியது. நான் எழுந்தேன். நீங்கள் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுத் தாதாவே மூச்சுவாங்க மாடியேறினார். அந்த நாற்காலியில் தரைக்கு மேலே தனியாக உட்கார்ந்திருந்தேன். யாரும் இல்லை என்று நான் எழுதியது பொய்தான். எழுதி நானே அதை மெய்யாக்கிக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்து, ஒரு சாயங்காலம், தாதா என் அறைக்கு வந்தார். கையில் கோடு போட்ட தாள். மூன்று நாளாக ஸ்டூடியோவில் விளக்குக்கும் விளக்குக்கும் நடுவே உட்கார்ந்து அவரே ஆங்கிலத்தில் எழுதியதாம். வாத்தியாரிடம்கூடக் காட்டவில்லையாம்.

“தப்பெல்லாம் இருக்கும். நீங்க திருத்தி டைப் அடிச்சு அனுப்பிடுங்க” என்றார்.

ஐயா அவர்களுக்கு என்று ஆரம்பித்திருந்தது. எங்கள் வீட்டில் ஒரு மதராஸி இருக்கிறான். தனக்கு யாரும் இல்லை என்று உங்களுக்கு எழுதினான். அதை நீங்கள் நாட்டுக்கே படித்துக் காட்டினீர்கள். இது தவறான தகவல். அவனுக்கு நாங்கள் இருக்கிறோம். மீன் சாப்பிடமாட்டான், அது வேறு விஷயம். தயவுசெய்து திருத்தவும்.

அவர் போன பிறகு அதைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். கூடவே எரிச்சலும் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இதை நான் எப்படி அடிப்பது? ‘அவனுக்கு நாங்கள் இருக்கிறோம்’ என்று என் கையாலேயே எனக்குச் சான்றிதழ் அடித்துக்கொள்வதா? ஏற்கெனவே அலுவலகத்தில் பியூன் முதற்கொண்டு எல்லோரும் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். இன்னொரு தடவை என் அனாதைக் கதை நாடெல்லாம் ஒலிக்க வேண்டுமா? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தாளைச் சுருக்கெழுத்து நோட்டுக்குள் வைத்தேன். நாளை என்பது வரவே இல்லை.

அனுப்பியாயிற்றா என்று தாதா கேட்டார். ஆயிற்று என்றேன்.

அதற்குப் பிறகு அவர் படம் பார்த்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. எந்த விளையாட்டு வந்தாலும் கடைசி ஐந்து நிமிடத்துக்காகக் காத்திருந்தார். சந்து பூராவும் சொல்லி வைத்திருந்தார். கடிதம் படிக்கிற நேரம் வந்ததும் எல்லோரும் பெட்டிக்கு நெருக்கமாக நகர்வார்கள். பௌதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பார். யார் யாருடைய கடிதமோ வரும். நான் நாற்காலியில் வியர்த்துக்கொண்டிருப்பேன். நாலு ஞாயிறு இப்படிப் போனது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அடித்துப் போட்டுவிடலாம் என்று நினைப்பேன். இத்தனை வாரம் கழித்துப் போடுவதற்குப் போடாமலே இருக்கலாம் என்று ஒரு வறட்டு வீம்பு தடுக்கும். டி.வி.க்காரர்கள் சோகத்தைத்தான் படிப்பார்கள், நல்ல செய்தியைப் படிக்கமாட்டார்கள் என்று நாலாவது வாரம் தாதா மெதுவாகச் சொன்னார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஐந்தாவது ஞாயிறு, படம் முடிந்து, இனி நேயர் கடிதங்கள் என்று சொன்ன அந்த நொடியில் கரண்ட் போய்விட்டது. அந்த ஊரில் அது புதிதில்லை. லோட்ஷெடிங் என்று சலித்துக்கொண்டு விசிறியைத் தேடுவார்கள். அன்று ஒருவரும் அசையவில்லை. கறுத்துப்போன பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பத்து நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தபோது வேறு எதுவோ ஓடிக்கொண்டிருந்தது.

தாதா தொடையில் தட்டினார். இப்போதுதான் படித்திருப்பார்கள் என்றார். நாடே கேட்டிருக்கும், நாம் மட்டும்தான் கேட்கவில்லை, நம் அதிர்ஷ்டம் அப்படி என்றார். எதற்கும் தாதாவோடு ஒத்துப்போகாத வாத்தியார்கூடத் தலையை ஆட்டினார். நிச்சயம் படித்திருப்பார்கள், இல்லாவிட்டால் சரியாக அந்த நேரத்தில் கரண்ட் ஏன் போக வேண்டும் என்றார்.

பௌதி என்னைப் பார்த்தார். “படிச்சிருப்பாங்க இல்ல?”

இப்போதாவது சொல்லியிருக்கலாம்.

“படிச்சிருப்பாங்க, பௌதி” என்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்போடு வந்து என் நாற்காலியைப் பிடித்து இழுத்தார். “எந்திரி. துணி காயப்போட நாற்காலி வேணும்” என்றார். எழுந்தேன். கரண்ட் வந்ததில் பெட்டியில் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. தாதா வாசலைக் காட்டினார். “ரெஃப்ரி, போ, மேலே போய் அதைத் திருப்பு” என்றார். யாரோ என் வேட்டியைப் பற்றி ஏதோ சொன்னார்கள், அறையே சிரித்தது.

மாடியேறி ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சத்தம் வராமல் அழுவதில் எனக்குப் பழக்கம் உண்டு. முற்றத்திலிருந்து ‘ஆர் ஏக்டு, ஆர் ஏக்டு’ என்று தாதா கத்திக்கொண்டிருந்தார். திருப்பிக்கொண்டே இருந்தேன்.

அந்த வீட்டில் அத்தனை பேரும், எனக்கு அவர்கள் இருப்பதை நாடே கேட்டுவிட்டதாக நம்பினார்கள். அந்தத் தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தாதாவைத் தவிர அதைப் படித்தவன் நான் ஒருவன்தான். அதில் ஓர் எழுத்தைக்கூட நான் திருத்தவில்லை.